டாலர் ஏறிடுச்சு, பெட்ரோல் ஏறிடுச்சு என்று டூர் கிளம்பும் நேரத்தில் பணம் கேட்டால் உஷார்

நேற்று எதிர்வீட்டு அண்ணன் டிராவல்ஸிலிருந்து வந்த ஒரு வாட்ஸ்அப் மெசேஜைக் காட்டி, "இது சரிதானாப்பா?" என்று கேட்டார். "சார், டாலர் ஏறிடுச்சு, ஃபியூயல் சார்ஜும் ஏறிடுச்சு, தலைக்கு கொஞ்சம் கூடுதலா கட்டினாதான் டிக்கெட் நிக்கும்." படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. 2022ல் எனக்கு வந்ததும் வரிக்கு வரி இதேதான். அதனால்தான் இந்தப் பதிவு.

நாங்கள் திருச்சி. அந்த வருடம் ஏப்ரலில் மலேசியா எல்லையைத் திறந்ததிலிருந்து அம்மாவுக்கு பத்துமலை முருகனைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே ஆசை. இங்கிருந்தே கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, அலைச்சல் கிடையாது. ஜூன் மாதம் ஊரிலேயே ஒரு டிராவல்ஸில் தலைக்கு 48,500, நான்கு பேர், அக்டோபர் 1 காலாண்டு லீவுக்குக் கிளம்புவது என்று பேசி, ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். டிக்கெட் கேட்டபோதெல்லாம் "போட்டாச்சு சார், கிளம்பும்போது மொத்தமா அனுப்பறோம்" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். முதல் தப்பு இதுதான்.

கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது, அம்மா ஊறுகாய் பாட்டிலை எந்தப் பெட்டியில் வைப்பது என்று குழம்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்து போன். "டாலர் ஜூன்ல 78 சார், இப்ப 81 தாண்டிடுச்சு. உக்ரைன் சண்டை வேற. ரேட் வித்தியாசம் தலைக்கு 6,000, ஃபியூயல் 3,500." நான்கு பேருக்கு 38,000. நாளை மதியத்துக்குள் வராவிட்டால் சீட் போய்விடும் என்றார். டாலர் 81 தாண்டியது உண்மை, அந்த வாரப் பேப்பரில் எல்லாம் அதுதான் செய்தி. போரும் உண்மை. பாதி உண்மையாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டு ஜிபேயில் அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, "போய்ட்டு வாங்க, எல்லாம் சேர்த்துத் தர்றோம்."

கோலாலம்பூரில் எங்களை வேனில் கூட்டிப்போன டிரைவர் தமிழர்தான். பத்துமலைக்குப் போகிற வழியில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "டாலரா? எங்ககிட்ட வெள்ளியிலதான் பேசுனாங்க அண்ணே. முதல்ல பேசுன அதே காசுதான்." மலேசியப் பணமான ரிங்கிட்டை அங்குள்ள நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். அன்று ராத்திரி ஹோட்டல் ரூமில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், எரிச்சல்தான் மிச்சம்.

விஷயம் இவ்வளவுதான். டாலருக்கு எதிராக நம் ரூபாய் இறங்கிய அதே மாதங்களில் ரிங்கிட்டும் இறங்கியிருக்கிறது. ஜூனில் ஒரு டாலருக்கு சுமார் 4.40 ரிங்கிட், செப்டம்பர் கடைசியில் 4.60க்கு மேல். 78ஐ 4.40ஆல் வகுத்தாலும், 81.50ஐ 4.62ஆல் வகுத்தாலும் ஒரு ரிங்கிட் ஏறக்குறைய 17 ரூபாய் 70 காசுதான் வருகிறது. ஹோட்டல், வேன், சாப்பாடு எல்லாம் ரிங்கிட்டில் என்கிறபோது எந்த வித்தியாசத்துக்கு 6,000? சரி, பேக்கேஜ் முழுவதும் டாலரில்தான் என்றே வைத்துக்கொள்வோம். 78லிருந்து 81.50 என்றால் நாலரை சதவீதம். 48,500க்கு 2,200 கூட வராது!

எரிபொருள் கதை இதைவிட மோசம். டெல்லியில் விமான எரிபொருள் விலை உச்சத்தில் இருந்தது 2022 ஜூன் 16 அன்று, கிலோலிட்டர் 1,41,000 ரூபாய்க்கு மேல். செப்டம்பர் 1 அன்று அது 1,21,000 சொச்சம். நான் புக் செய்த மாதத்தில் ஏறிக் கிடந்து, பணம் கேட்ட மாதத்தில் இறங்கியிருந்தது. அது இருக்கட்டும், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு வந்த டிக்கெட் பிடிஎஃப்பில் புக்கிங் தேதி ஜூன் 20 என்று இருந்தது, அதை நான் அங்கே போய்த்தான் கவனித்தேன். எரிபொருள் கட்டணம் டிக்கெட் போடும்போதே அதற்குள் அடங்கிவிடும், போட்ட டிக்கெட்டுக்குப் பிறகு எந்த விமானக் கம்பெனியும் வந்து பாக்கி கேட்பதில்லை.

இன்னொன்றும் நடந்தது. செலவுக்கு ரிங்கிட்டும் டிராவல்ஸ்காரர்களே ஒரு கவரில் போட்டு, ஒரு ரிங்கிட் 19.20 ரூபாய் கணக்கில் கொடுத்தார்கள், பில் கிடையாது. ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள இடத்தில்தான் வெளிநாட்டுப் பணம் வாங்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கம் மணி சேஞ்சரில் நம் 500 ரூபாய் நோட்டை நீட்டினால் ரிங்கிட் 18.20க்கே கிடைத்தது. இந்திய நோட்டு ஆளுக்கு 25,000 வரை கொண்டுபோகலாம்.

எல்லா ஏற்றமும் பொய் என்று சொல்ல வரவில்லை. துபாய் என்றால் அந்த ஊர்ப் பணமான திர்ஹம், ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போட்டது, டாலர் ஏறினால் அதுவும் ஏறத்தான் செய்யும். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும்போதே எந்தக் கரன்சியில் எவ்வளவு, அன்றைய ரேட் என்ன என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். டிக்கெட் போட்டாச்சு என்றால் அன்றைக்கே பிஎன்ஆர் கேளுங்கள்.

திரும்பி வந்ததும் பிடிஎஃப்பைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். முதலில் டீ கொடுத்தார்கள், அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல" என்றார்கள். மேசையிலேயே உட்கார்ந்து 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் போட்ட பிறகுதான் ஓனர் ஊருக்கு வந்தார். ஃபியூயல் என்று வாங்கிய 14,000ஐ இரண்டு தவணையில் திருப்பிக் கொடுத்தார்கள். மீதி 24,000க்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம்கூட இல்லை. அம்மா "முருகன் காசுன்னு விடுடா" என்றதால் விட்டேன். எதிர்வீட்டு அண்ணன் விடுகிற ஆள் இல்லை, இன்று காலையிலேயே பிஎன்ஆர் கேட்டு மெசேஜ் போட்டுவிட்டார். ப்ளூ டிக் விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.