பிரித்வியா அக்னியா? தூரத்த விடுங்க, உள்ள எரியறத பாருங்க

பிரித்வி, அக்னி ரெண்டுமே நம்ம நாட்டு பாலிஸ்டிக் மிசைல்தான், ஆரம்பத்துல கொஞ்ச நேரம் இன்ஜின் தள்ளிவிடும், அப்புறம் விட்டெறிஞ்ச கல்லு மாதிரி தானா போய் விழும். எல்லாரும் தூரத்த வச்சே அடிச்சுக்கறாங்க, பிரித்வி-2ன்னா 350 கிமீ, அக்னி-5ன்னா 5000 கிமீக்கு மேல, அப்ப அக்னிதான் கெத்துன்னு முடிச்சுடறாங்க. என்கிட்ட கேட்டா எரிபொருள்தான் மேட்டர்.

பிரித்விக்கு திரவ எரிபொருள். அது எரிய ஆக்சிஜன் குடுக்கறதுக்குன்னு கூட ஊத்தற ஆக்சிடைசர் செம்பழுப்பா புகையற நைட்ரிக் ஆசிட், சும்மா இருந்தாலே டேங்க அரிச்சுடும், அதுக்குன்னு கொஞ்சூண்டு ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் கலப்பாங்க, ஆசிட்ட அடக்க இன்னொரு ஆசிட்! ரொப்பற ஆளுங்க உடம்பு பூரா மூடின டிரஸ் போடணும், மிசைலுக்குப் பின்னாடியே டேங்கர் லாரியும் போகணும், அந்த வரிசைய எதிரி சாட்டிலைட் பாத்துட்டா சோலி முடிஞ்சுது. ஒரு வசதி என்னன்னா கேஸ் ஸ்டவ் மாதிரி வேணுங்கற வேகம் வந்ததும் வால்வ மூடிடலாம்.

அக்னி-5ல ஒண்ணு மாத்தி ஒண்ணா எரியற மூணு அடுக்கு (ஸ்டேஜ்), மூணும் திட எரிபொருள், தீபாவளி ராக்கெட் கணக்கா, பத்த வச்சா வச்சதுதான். ஆனா செய்யும்போதே உள்ள வார்த்து அடைச்சுடறாங்க, 50 டன் மிசைல கேனிஸ்டர்ங்கற மூடின குழாய்க்குள்ள சீல் பண்ணி வருஷக்கணக்கா வச்சுக்கலாம், லாரில ஏத்தி ரோட்டுல இடம் மாத்திக்கிட்டே இருக்கலாம், ஏவும்போது கேஸ் அழுத்தத்துல குழாய விட்டு மேல எகிறும், அந்தரத்துலதான் மோட்டாரே பத்தும். முதல்ல அணு ஆயுதத்த எடுக்க மாட்டோம்னு 2003ல சொன்ன நாடு நாம, அடி வாங்குனதுக்கு அப்புறமும் திருப்பி அடிக்க கையில ஏதாச்சும் மிஞ்சணும்ல, அதுக்கு டேங்கர் லாரியோட சுத்தற மிசைல் சரிப்படாது.

வேடிக்கை என்னன்னா 1989 மே மாசம் ஒடிசாவுல இருக்கற சண்டிப்பூர் சோதனை தளத்துல பறந்த முதல் அக்னியே கலப்படம்தான், கீழ நம்ம ராமேஸ்வரத்து கலாம் தலைமைல செஞ்ச எஸ்எல்வி-3ங்கற சாட்டிலைட் ராக்கெட்டோட திட மோட்டார், மேல பிரித்வியோட திரவ இன்ஜின். 1999ல அக்னி-2 வந்தப்பதான் திரவத்துக்கு டாட்டா காட்டுனாங்க.

சரி, அக்னி-5 கூட பிரித்விய நிறுத்தறதே அநியாயம், சரியான ஜோடி 700 கிமீ போற அக்னி-1தான், அதுவும் திட எரிபொருள், நான் அதுக்குத்தான் ஓட்டு போடுவேன். ஆனா பிரித்விய இன்னும் மூட்டை கட்டல, 2025 ஜூலை 17ஆம் தேதி சண்டிப்பூர்ல பிரித்வி-2, அக்னி-1 ரெண்டையும் ஒரே நாள்ல ஏவிப் பாத்தாங்க.