திருகோணமலையா, யாழ்ப்பாணமா, பேராதனையா: விரிவுரையாளர் குடும்பம் எங்கே குடியேறலாம்?

இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போடும் இளம் விரிவுரையாளர்கள் முதலில் பார்ப்பது பல்கலைக்கழகத்தின் பெயரைத்தான். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் அதோடு நிற்கக் கூடாது. அரச பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் சம்பளத் திட்டம் ஒன்றுதான். கொழும்பில் என்ன அடிப்படைச் சம்பளமோ அதேதான் திருகோணமலைக் கோணேசபுரியிலும். தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஆய்வு நிதிக்கும் எங்கிருந்தும் விண்ணப்பிக்கலாம். ஆகவே மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவது வாடகையையும் போக்குவரத்தையும் கணவன் மனைவி இருவருக்கும் அந்த ஊரில் வேலை உண்டா என்பதையும் பொறுத்தது. கொழும்பு வாடகையை ஒரு சம்பளத்தில் கட்டிக் குடும்பம் நடத்துவது மிகக் கடினம் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆய்வு வசதி என்று பார்த்தால் பேராதனைக்கு ஈடில்லை. 1952 முதல் அங்கே வளர்ந்த நூலகமும் ஆய்வுகூடங்களும் இருக்கின்றன. பட்டப்பின் விஞ்ஞான நிறுவகம் வளாகத்திலேயே, அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவகம் ஹந்தானையில். இரசாயனம், மூலக்கூற்று உயிரியல் போன்று கருவிகளை நம்பிய துறை என்றால் நான் தயங்காமல் பேராதனை என்றே சொல்வேன். ஆனால் வாடகை கூட. கண்டி வீதியின் வாகன நெரிசல் மாலை நேரத்தை விழுங்கிவிடும். தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் உண்டு, தெரிவுதான் குறைவு.

யாழ்ப்பாணத்தின் பெரிய பலம் பாடசாலைகளும் உறவினர்களும். கொக்குவில், கோண்டாவில் பக்கம் வீடு எடுத்தால் திருநெல்வேலி வளாகத்துக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். ஒன்றைக் கவனியுங்கள்: விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருப்பது கிளிநொச்சி அறிவியல் நகரில். நியமனம் எந்தப் பீடத்துக்கு என்று பார்க்காமல் நல்லூரில் வீட்டுக்கு முற்பணம் கட்டிவிடாதீர்கள். அப்புறம் தண்ணீர். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்குவது, தோட்டக் காணிகளை அண்டிய கிணறுகளில் உரத்தால் சேரும் நைத்திரேற்று அதிகம். கைக்குழந்தை இருந்தால் கிணற்று நீரைப் பரிசோதித்த பிறகே குடியேறுங்கள். கொழும்பில் ஒரு கூட்டமென்றால் போக ஓர் இரவு, வர ஓர் இரவு.

சரி, திருகோணமலை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கிறது. சித்த மருத்துவமும் படிப்பிக்கும் வளாகம் இது. சிறியது, இளையது, பெரிய கருவி வேண்டிய மாதிரிகளைப் பொதிசெய்து பேராதனைக்கோ கொழும்புக்கோ கொண்டுபோகத்தான் வேண்டும். மறுபக்கம், கள ஆய்வு செய்கிறவர்களுக்கு வேலை வாசலிலேயே கிடக்கிறது: புறாமலையின் பவளப்பாறைகள், மகாவலி கலக்கும் கொட்டியாரக் குடா, திமிங்கிலங்கள் வந்துபோகும் ஆழ்கடல், புல்மோட்டையின் கனிய மணல். காலையில் களத்துக்குப் போனவர் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கடல்சார் துறையில் இருப்பவருக்கு இதைவிட நல்ல இடம் நாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பலர் கணக்கில் எடுக்காத இன்னொன்றும் உண்டு. கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் இங்கேதான். கணவனோ மனைவியோ கிழக்கு மாகாண சேவையில் ஆசிரியராகவோ உத்தியோகத்தராகவோ இருந்தால், மாகாணத்துக்குள் இடமாற்றம் எடுப்பது ஓரளவு சுலபம். மாகாணம் விட்டு மாகாணம் என்றால் ஒரு பக்கம் விடுவிக்க வேண்டும், மறுபக்கம் ஏற்க வேண்டும். அதற்குள் வருடங்கள் ஓடிவிடும். பிள்ளைகள் தாயையோ தகப்பனையோ சனி ஞாயிறில் மட்டும் பார்த்து வளர்வார்கள். நல்ல ஆய்வுகூடத்துக்காகக்கூட அந்த விலையைக் கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அதே காரணத்தால், வட மாகாண ஆசிரியரை மணந்தவருக்கு யாழ்ப்பாணமே சரி.

மட்டக்களப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வந்தாறுமூலையில் உள்ள தாய்ப் பல்கலைக்கழகத்தில் பீடங்கள் அதிகம், போதனா வைத்தியசாலையும் நகரில் உண்டு. நாள்பட்ட நோயுள்ள பிள்ளையோ பெற்றோரோ கூட இருந்தால் திருகோணமலையைவிட அதுதான் நிம்மதி.

திருகோணமலையில் வீடு தேடுகிறவர்கள் உவர்மலை, பாலையூற்று, அன்புவழிபுரம் பக்கம் தொடங்குங்கள். உப்புவெளியில் கடற்கரையை ஒட்டிய வீடுகள் ஆசை காட்டும். டிசம்பர் மழையில் வீடு மலிவாகக் கிடைக்கும், ஆனால் வீட்டுக்காரர், “மே மாதம் வரைக்கும் இருங்கோ, பிறகு வெளிநாட்டுக்காரர் வருவினம்” என்பார். மே முதல் செப்டெம்பர் வரை அங்கே சுற்றுலாக் காலம். ஒரு வருடத்துக்குக் குறையாத எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். அந்த ஒப்பந்தம் இன்னொன்றுக்கும் உதவும்: பிள்ளையைப் பாடசாலையில் முதலாம் தரத்துக்குச் சேர்க்க விண்ணப்பம் முந்தைய வருடமே கோரப்படும், பாடசாலைக்குக் கிட்ட வசிப்பவர்களுக்குத்தான் இடங்கள் அதிகம், வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். எந்த ஊரைத் தெரிந்தாலும் வந்த கையோடு கிராம சேவகரிடம் பதிந்துவிடுங்கள்.