உடுமலைக்கு ஒன்று, சென்னைக்கு வேறு: வேலையிட மனநலப் பயிற்சிகளில் எது யாருக்கு?

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு போன். இரண்டு பேருமே எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலை படித்தவர்கள், மாணவர்களாக என்னிடம் ஃபீல்டு ஒர்க் செய்தவர்கள். ஒருத்தி உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையில் வெல்ஃபேர் ஆபீசர். இன்னொரு பையன் சென்னையில், ஐ.டி. கம்பெனி ஊழியர்களுக்குப் போனில் கவுன்சலிங் தரும் நிறுவனத்தில் இருக்கிறான். கேள்வி மட்டும் ஒன்றேதான்: "அக்கா, ஒர்க்பிளேஸ் வெல்பீயிங்னு தினம் ஒரு கோர்ஸ் விளம்பரம் வருது. எதுல சேரட்டும்?"

அவளிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்து அவனிடமும் அதையே சொல்ல வாயெடுத்தபோதுதான் இது சரிவராது என்று தெரிந்தது. அதனால் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். நான் பதினாறு வருடம் மில்லில் நல அலுவலராகக் குப்பை கொட்டியவள். என் சாய்வு எந்தப் பக்கம் என்று படிக்கும்போதே தெரிந்துவிடும், மறைக்கப் போவதில்லை.

இந்தக் கேள்வி இப்போது அதிகம் வருவதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவுப்படி 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில்தான் நல அலுவலர் கட்டாயமாக இருந்தது. அதன் இடத்தில் வந்திருக்கும் 2020ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆக்கிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது அமலுக்கு வந்துவிட்டது. இதுவரை வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ்காரரையே எல்லாவற்றுக்கும் வைத்து ஓட்டிய நடுத்தர மில்கள் இனி ஆள் தேட வேண்டும்.

கோர்ஸ்களுக்குப் போகுமுன் ஒரு சம்பவம். எந்தப் பயிற்சியைப் பார்த்தாலும் நான் இதை வைத்துத்தான் அளக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ரிங் ஃபிரேம் என்ற நூல் நூற்கும் இயந்திரத்தைக் கவனிக்கும் சைடராக இருந்த 19 வயதுப் பெண்ணை ஹாஸ்டல் வார்டன் என் அறைக்குக் கூட்டி வந்தார். மூன்று வாரமாகத் தொடர்ந்து முழு நைட். பகலில் தூக்கம் வருவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை, ஊரில் வேறு கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் பேசினாள், அழுதாள், முகம் கழுவிக்கொண்டு போனாள். நான் பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் மறுநாள் சூப்பர்வைசரைப் பார்த்து, "அந்தப் பொண்ணுக்கு மனசு சரியில்லைங்க, ஒரு வாரம் பகல் ஷிஃப்ட் போட்டுக் கொடுங்க" என்றேன். நல்ல மனுஷர். உடனே போட்டுக் கொடுத்தார். அதோடு, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இருபது பேர் நிற்கும்போது, "ஏம்புள்ள, மனசு செரியில்லையாமா? மேடம் சொன்னாங்களே" என்று அக்கறையாகக் கேட்டும்விட்டார்.

அந்தப் பெண் பிறகு என் அறைப்பக்கம் வரவே இல்லை. நான்கைந்து மாதம் வேறு யாரும் வரவில்லை.

"பகல் ஷிஃப்ட் வேண்டும்" என்பதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். காரணம் அவருக்குத் தேவையில்லை. இது ஒரு தவறு. இன்னொன்று எனக்கே பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. ஒரே பெண்ணுக்கு மூன்று வாரம் தொடர்ந்து முழு நைட் போட்டது யார், வேறு எத்தனை பேருக்கு அப்படி என்று நான் கேட்கவே இல்லை. அவள் மனசைத்தான் பார்த்தேன், ஷிஃப்ட் சார்ட்டைப் பார்க்கவில்லை.

சரி, இப்போது கோர்ஸ்கள்.

எம்.எஸ்.டபிள்யூ.தான் அஸ்திவாரம், அதில் பேச்சுக்கு இடமில்லை. மும்பையின் டாடா சமூக அறிவியல் கழகம் 1936இல் தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் 1952இலிருந்து இருக்கிறது. இரண்டு வருடப் படிப்பில் பாதி உயிர் ஃபீல்டு ஒர்க்கில்தான். ஒருவரிடம் பேசிவிட்டு வந்து, அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அப்போது எனக்குள் என்ன ஓடியது என்று வரி வரியாக எழுதிக் கொடுக்கும் பிராசஸ் ரெகார்டிங்கைத் திட்டாத மாணவர் கிடையாது. அதைப்போல ஒரு பயிற்சியும் கிடையாது. குறை எங்கே என்றால் ஸ்பெஷலைசேஷன் பிரிக்கும் இடத்தில். கம்பெனி வேலை வேண்டும் என்பவர் ஹெச்.ஆர். எடுக்கிறார். மனநலம் பிடித்தவர் மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரிக் எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார். முன்னவருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஸ்டாண்டிங் ஆர்டர் என்ற ஆலை நிலையாணைகள் எல்லாம் அத்துப்படி, ஆனால் எதிரே ஒருவர் அழுதால் கை நடுங்கும். பின்னவருக்கு நேர்மாறு. மில்லில் இரண்டும் ஒரே நாற்காலிக்கு வருகின்றன. நான் ஹெச்.ஆர். எடுத்தவள் என்று சொல்லவே வேண்டாம்.

அந்தக் கை நடுக்கத்துக்குச் சரியான மருந்து சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க் எம்.ஃபில். பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் இரண்டு வருடம், முழுநேரம், மருத்துவமனைக்குள்ளேயே. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல சமூகப் பணியாளர் யார் என்று வரையறுக்கும்போது முதுகலையோடு இந்த இரண்டு வருட எம்.ஃபில்.லையும் சேர்த்துத்தான் சொல்கிறது. எனக்கு இதில் பொறாமையே ஒரு விஷயத்தில்தான்: ஒவ்வொரு கேஸையும் தலைக்கு மேல் ஒரு சீனியர் பார்க்கிறார். என்ன எழுத வேண்டும், யாரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்பது கையோடு வந்துவிடும். அன்றைக்கு எனக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் சூப்பர்வைசரிடம் போகுமுன்பே என்னைப் பிடித்து நிறுத்தியிருப்பார்.

ஆனால் அங்கே வருகிறவர் நோயாளியாக வருகிறார், அவரை அங்கே வேலை வாங்கும் முதலாளி கிடையாது. ஷிஃப்ட் சார்ட்டும் யூனியனும் அந்தப் பாடத்தில் பெரிதாக வராது. கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பதும் உண்டு. இன்னொரு சிக்கல், எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. இந்தப் படிப்புக்கும் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மட்டும் 2025-26 சேர்க்கை வரை நீட்டிப்பு கொடுத்தது. இனி சேர நினைப்பவர்கள் அங்கே தரும் பட்டத்தின் பெயர் என்ன, அதற்கு அங்கீகாரம் யாருடையது என்று எழுத்தில் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

அடுத்தது, எல்லாரும் கேட்கும் மென்டல் ஹெல்த் ஃபர்ஸ்ட் எய்ட். ஆஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டு பெட்டி கிச்சனர், டோனி ஜோர்ம் தம்பதி தொடங்கியது. இரண்டு நாள். பதற்றத்தில் இருப்பவரை எப்படி அணுகுவது, தீர்ப்புச் சொல்லாமல் எப்படிக் கேட்பது, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராக எப்படிக் கேட்பது, யாரிடம் அனுப்புவது. இதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை, ஆனால் சோஷியல் ஒர்க் படித்தவர் தன் திறமையைக் கூட்டிக்கொள்ள இதில் சேர்வது வீண். இது வார்டனுக்கும் ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கும் உள்ள பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வேலையிட மனநல வழிகாட்டுதலும் மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதைத்தான் அழுத்திச் சொல்கிறது. என் சூப்பர்வைசர் அரை நாள் இப்படி உட்கார்ந்திருந்தால் அந்தக் கேள்வியை இருபது பேர் முன்னால் கேட்டிருக்க மாட்டார். ஆகவே சேருவதானால், திரும்பி வந்து தமிழில், மில் பாஷையில் அவர்களுக்கு நடத்தும் நோக்கத்தோடு சேருங்கள்.

இதே வரிசையில் வார இறுதி "வெல்னஸ் கோச்" சான்றிதழ்கள், மைண்ட்ஃபுல்னஸ், சிரிப்பு யோகா எல்லாம் வருகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களின் பதில்களை வைத்துச் செய்தது. இந்த மாதிரித் தனிநபர் நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட மேலாக இல்லை. தன்னார்வப் பணியில் ஈடுபட்டவர்களிடம் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். யோகாவுக்கு நான் எதிரி இல்லை, தினமும் செய்கிறேன். முழு நைட் முடித்து வருகிறவளை ஏழு மணிக்கு உட்காரவைத்து மூச்சை இழுத்துவிடச் சொல்லும் நிகழ்ச்சிக்கு மட்டும் எதிரி. எங்கள் மில்லில் அப்படி ஒன்று நடந்தது. பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். அதுதான் அன்று நடந்த ஒரே நன்மை.

நான்காவது வழியை விளம்பரத்தில் பார்க்க மாட்டீர்கள். வேலையை விடாமல் வார இறுதியில் படிக்கும் தொழிலாளர் சட்ட டிப்ளமோ. தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இதை வெகுகாலமாக நடத்துகிறது. இதில் மனநலம் என்ற வார்த்தையே அபூர்வமாகத்தான் வரும். ஆனாலும் மில்லுக்குப் போகிறவருக்கு என் முதல் ஓட்டு இதற்குத்தான். இன்றைய நல அலுவலருக்கு முன்னோடியான லேபர் ஆபீசர் என்ற பதவி பிறந்த கதையே அப்படி. மேஸ்திரிகள் கையில் ஆள் எடுப்பதும் நீக்குவதும் கிடந்து, லஞ்சமும் மிரட்டலுமாக இருந்த காலத்தில்தான் 1931இல் விட்லி தலைமையிலான ராயல் கமிஷன் இந்தப் பதவியைப் பரிந்துரைத்தது. மனசைத் தேற்ற வந்த பதவி இல்லை இது, மேஸ்திரியின் கையைப் பிடிக்க வந்த பதவி.

சட்டம் தெரிந்தால் பேச்சின் தொனியே மாறுகிறது. "பாவம், கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று கெஞ்சுகிற இடத்தில் ஓவர்டைம் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துப் பேசலாம். பல மாநில நல அலுவலர் விதிகள், தொழிலாளி மீதான ஒழுங்கு நடவடிக்கையை நல அலுவலர் கையாளக் கூடாது என்கின்றன. இது தெரியாமல் சார்ஜ் மெமோவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்! காலையில் மெமோ கொடுத்தவரிடம் மாலையில் மனம்விட்டுப் பேச யார் வருவார்கள்? 2013ஆம் ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவுக்கு ஊழியர்களிலிருந்து ஆள் எடுக்கும்போது சமூகப் பணி அனுபவத்தையும் ஒரு தகுதியாகச் சொல்கிறது. நம்மைக் கூப்பிடுவார்கள். போகும்போது விசாரணை நடைமுறை தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வழிக்குத் துணையாக ஐ.எஸ்.ஓ. 45003 பயிற்சியைச் சொல்லலாம். 2021இல் வந்தது. வேலைப் பளு, ஷிஃப்ட், அதட்டல் இவற்றையெல்லாம் இயந்திரத்தின் ஆபத்தைப் போலவே பட்டியலிட்டுக் குறைக்கச் சொல்கிற தரநிலை. வெறும் வழிகாட்டுதல்தான், பணிப் பாதுகாப்புக்கான 45001 தரநிலை போலச் சான்றிதழ் வாங்குவதற்கானது இல்லை. "உங்கள் கம்பெனிக்கு 45003 சர்டிஃபிகேட்" என்று யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு நிலைமைகள் போதும். இரவு பதினொரு மணிக்கு ஹாஸ்டலில் ஒரு பெண் வாழவே பிடிக்கவில்லை என்கிறாள். எம்.ஃபில்.காரர் தடுமாற மாட்டார். இரண்டு நாள் பயிற்சி எடுத்த வார்டன்கூட, பக்கத்திலேயே இருந்து, அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸைக் கூப்பிட்டு, விடியும்வரை சமாளித்துவிடுவார். வெறும் சட்ட டிப்ளமோ அங்கே கையைப் பிசையும். இரண்டாவது, ஒரே செக்‌ஷனில் ஒரே மாதத்தில் ஆறு பேர் வேலையை விட்டுப் போகிறார்கள், ஏழாவது ஆள் உங்கள் முன்னால் அழுகிறார். இங்கே கவுன்சலிங் திறமை அந்த ஏழாவது ஆளோடு முடிந்துவிடும். எட்டாவது ஆள் வராமல் பார்க்க ரிஜிஸ்டர் படிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

ஆடைத் தொழிற்சாலையில் பெண்கள் மீதான துன்புறுத்தலைத் தடுக்க 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் மூன்றாவது கோணம் ஒன்றைக் காட்டியது. அங்கே தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற பெண்கள் தலைமையிலான சங்கம், தொழிலாளிகளையே ஃப்ளோர் கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவித்தது. அதட்டலும் சீண்டலும் நடக்கும் இடத்திலேயே பார்த்துச் சொல்ல ஆள். படித்த நமக்கு இது கொஞ்சம் உறுத்தும். என் அறைக் கதவில் நேரம் எழுதி ஒட்டியும் வராதவர்கள், ஹாஸ்டல் மாடியில் துணி காயப்போடும்போது என்னிடம் தானாகப் பேசியிருக்கிறார்கள். அதனால் எனக்கு அவ்வளவாக உறுத்தவில்லை.

சென்னைப் பையனுக்கு எம்.ஃபில். மாதிரியான கிளினிக்கல் பயிற்சிதான் என்று சொல்லிவிட்டேன். அவன் ஒருவரை ஒருமுறை போனில் கேட்கிறான். அவர் முகத்தைப் பார்க்கப்போவதில்லை, அவருடைய மேனேஜரை மாற்றவும் முடியாது. பணம் கட்டுவது கம்பெனி, பேசுவது ஊழியர், நடுவில் இவன். எது வெளியே போகும், எது போகாது என்று முதல் நிமிடத்தில் சொல்லவும் ஆபத்தைக் குரலிலேயே பிடிக்கவும் தேர்ச்சி வேண்டும். இரண்டு வருடம் முடியாது என்றால், மாதம் இரண்டு முறை அவனுடைய கேஸ்களைக் கேட்க ஒரு சீனியருக்குக் கட்டணம் கொடுக்கட்டும். எந்தச் சான்றிதழைவிடவும் அது மேல்.

உடுமலைப் பெண் சட்ட டிப்ளமோவுக்கு விண்ணப்பம் வாங்கிவிட்டாள். வார்டன்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்த மேனேஜ்மென்டிடம் கேட்டிருக்கிறாள், பதில் வரவில்லை. பெரும்பான்மைத் தொழிலாளர் பேசும் மொழி நல அலுவலருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது பல மாநில விதிகளில் உள்ள பழைய நிபந்தனை. அவள் மில்லில் இப்போது ரிங் ஃபிரேமில் பாதிக்கு மேல் ஒடிசாப் பெண்கள். "அக்கா, ஒடியா எந்த கோர்ஸ்ல வருது?" என்றாள். எதிலும் வராது என்றேன். ஹாஸ்டல் சமையற்கட்டில் ரொட்டி போடும் பெண்ணிடம் தினம் பத்து வார்த்தை கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். முதல் நாள் எழுதியது: "சாப்பிட்டியா?"