கொக்குவில் வரலாற்று வகுப்பு: அமெரிக்கப் பாடத்துக்காகவே அனுப்பலாம்

மகள் போகும் ஓஎல் (சாதாரண தரம்) வரலாற்று ரியூசனில் பெற்றோரும் ஒருநாள் இருந்து கேட்கலாம் என்றார்கள், போனேன். அன்றைக்கு அமெரிக்க சுதந்திரப் போர். நாங்கள் படித்த காலத்தில் அது பொஸ்ரன் துறைமுகத்தில் தேயிலை கொட்டிய கதையோடு தொடங்கும். இந்த சேர், பிரிட்டனும் பிரான்சும் மோதிய ஏழாண்டுப் போரை முடித்த 1763 பாரிஸ் உடன்படிக்கையில் தொடங்கினார், அதுதான் எனக்கு முதலில் பிடித்தது.

ஏழாண்டுப் போரில் பிரிட்டன் வென்றது, கனடாவும் கிடைத்தது, ஆனால் 7 கோடி பவுண் சொச்சமாக இருந்த அரச கடன் 12 கோடியைத் தாண்டிவிட்டது. இதை யார் கட்டுவது என்று கேட்டு, வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விட்டார். லண்டன் பக்கப் பிள்ளைகள், உங்களைக் காக்கத்தானே இவ்வளவு செலவு, படை இன்னும் அங்கேதானே நிற்கிறது, ஒரு பங்கைத் தாருங்கள் என்றார்கள். அமெரிக்கக் குடியேற்றக்காரர் பக்கம், சண்டையில் நாங்களும் செத்தோம், பாராளுமன்றத்தில் எங்களுக்கு ஒரு ஆள்கூட இல்லை, பிறகென்ன வரி என்றது. பிரெஞ்சுக்காரர் கனடாவை விட்டுப் போனபிறகு லண்டனின் காவல் எங்களுக்கு எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டாள், அருமையான கேள்வி.

1764 சீனிச் சட்டத்தை அவர் விளக்கிய விதத்துக்கே காசு கொடுக்கலாம். வெல்லப்பாகு வரியைக் கலனுக்கு 6 பென்சிலிருந்து 3 பென்சாகக் குறைத்தும் கோபம் ஏன் கூடியது? முன்பு கடத்தலும் லஞ்சமுமாக யாரும் ஒழுங்காகக் கட்டவில்லை, இப்போது கறாராக வசூலிக்க வந்தார்கள். அடுத்த வருடம் முத்திரைச் சட்டம், பத்திரிகையிலிருந்து காணி உறுதி, சீட்டுக்கட்டு வரை வரி. 1766இல் அதைத் திரும்பப் பெற்ற கையோடு, உங்களுக்கு எந்தச் சட்டமும் போட எங்களுக்கு உரிமை உண்டு என்று இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள்.

எங்கள் பக்கத்தையும் அவர் விடவில்லை. ஏழாண்டுப் போர் 1760இல் வந்தவாசியிலும் நடந்தது. அப்புறம் அமெரிக்கப் போரில் ஒல்லாந்தரும் பிரிட்டனோடு மோத, 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தர் கையிலிருந்த திருகோணமலையைப் பிடித்தார்கள், ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படை அதைப் பறித்தது. பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

குறையும் இருக்கிறது. அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறக்கூடாது என்ற 1763 பிரகடனத்தையும், அந்த நிலத்துக்குரிய பூர்வகுடிகளையும் இரண்டு வசனத்தில் கடந்துவிட்டார், அது போதாது. வரைபடப் போட்டோகொப்பி ஒரே கறுப்பு, மலை எது கடல் எது என்று தெரியவில்லை. வாங்கில் நெருக்கம் வேறு.

கடந்தகால வினாத்தாள் மட்டும் செய்ய வேண்டும் என்பவர்களுக்கு இந்த வகுப்பு மெதுவாகத்தான் போகும். வரலாறு என்றாலே பாடமாக்குவது என்று வெறுக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், யோசிக்காமல் அனுப்புங்கள்.