ஸ்மார்ட்வாட்ச் ஈசிஜியும் என் ஏஎஃப்பும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எனக்கு இருப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏஎஃப்), அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் துடிப்பு தாறுமாறாவது. அதிலும் வந்து வந்து போகிற ரகம். ராத்திரி நெஞ்சு தாறுமாறாகப் படபடக்கும். காலையில் போய் ஈசிஜி எடுத்தால் நார்மல். விடாமல் ஈசிஜி பதியும் ஹோல்டர் கருவியை மாட்டிய 24 மணி நேரமும் இதயம் சமர்த்தாக இருந்தது. கேஸ், டென்ஷன் என்று சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் காட்டிக்கொடுத்தது வாட்ச்தான்.

படபடப்பு தொடங்கியதும் கையை மேசையில் வைத்து, மறு கை விரலால் பக்கவாட்டுத் திருகை 30 விநாடி தொட்டபடி ஆடாமல் இருக்க வேண்டும். விரல் வறண்டிருந்தால் கோடு கிறுக்கலாக வரும். லேசாக ஈரப்படுத்திக்கொண்டால் சரியாகிவிடும். பிடிஎஃப்பை டாக்டருக்கு அனுப்பினேன். வாட்ச் எழுதிய முடிவை அவர் கண்டுகொள்ளவே இல்லை. துடிப்புகளுக்கு இடையே இடைவெளி ஒன்றுபோல் இல்லை, மேலறை சுருங்குவதைக் காட்டும் பி அலையும் காணோம் என்று கோட்டைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

துடிப்பு 150ஐத் தாண்டினால் என் வாட்ச் கையை விரித்துவிடும். இடையிடையே கூடுதல் துடிப்பு வந்தாலும் குழம்பும். மாரடைப்பை இதனால் கண்டுபிடிக்க முடியாது. நெஞ்சுவலி, மயக்கம், வாய் கோணுதல், பேச்சுக் குழறல் என்றால் ஈசிஜி எடுத்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் வாட்சுக்கு வேலையே இல்லை. மேலறை ஒழுங்காகச் சுருங்காதபோது இடது மேலறையை ஒட்டிய சின்னப் பையில் ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வயது, பிபி, சுகர், முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் வைத்து டாக்டர் ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபான் மாத்திரை எழுதினார். தினம் இரண்டு வேளை. மாதம் முழுக்க வாட்ச் நார்மல் காட்டினாலும் நிறுத்தக் கூடாது. பெரியப்பா அதே வேலைக்கு வார்ஃபரின் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு அவருக்கு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். திடீரென்று ஒரு வாரம் முருங்கைக்கீரையாகச் சாப்பிட்டால் அது இறங்கிவிடும். பெரியம்மா கீரையை அடியோடு நிறுத்தப் பார்த்தார். அளவு மாறாமல் சாப்பிட்டால் போதும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வீட்டில் சண்டை ஓய்ந்தது.

வாங்கலாமா? என்னைப்போல் வந்து போகிற ரகம் என்றால் தாராளமாக. எந்நேரமும் ஏஎஃப்பிலேயே இருப்பவருக்கு இந்தச் செலவு அவசியமில்லை, வாட்ச் தினமும் அதையேதான் சொல்லும்.