ஓல்டு கோவா அசிசி பிரான்சிஸ் சர்ச்: வாசலுக்காகவே ஒரு தடவ போகலாம்

ஓல்டு கோவா போனா எல்லாரும் பண்றதத்தான் நாங்களும் பண்ணோம். பாம் ஜீசஸ் சர்ச்சுல புனித சவேரியார் உடல் இருக்குற பேழைய பாத்தாச்சு, ரோட்ட தாண்டி சே கதீட்ரல்ல ஒரு ரவுண்டு, அதுக்குள்ள டாக்ஸிக்காரரு ரெண்டு தடவ போன் பண்ணிட்டாரு. சே கதீட்ரலுக்கு மேற்கால அதே புல்வெளிலதான் இந்த சர்ச்சும் இருக்கு, பாதி கூட்டம் எட்டிக்கூட பாக்காம போயிடுது. என்னோட ரேட்டிங் அஞ்சுக்கு நாலரை.

முதல்ல வாசல். முகப்பு மொத்தமும் வெள்ளையா சிம்பிளா இருக்கு, செம்பாறாங்கல்லு மேல சுண்ணாம்பு பூசினது, ரெண்டு பக்கமும் எட்டுப்பட்ட கோபுரம், அவ்ளோதான். அதுக்கு நடுவுல கருங்கல்லுல ஒரு வாசல், கயிறு முறுக்கின மாதிரி வேலைப்பாடு, ரெண்டு பக்கமும் அந்தக் காலத்து கப்பல்காரங்க வச்சிருந்த, வளையம் வளையமா இருக்குற வான உருண்டை, மேல சிலுவை. எங்கயோ இருந்து பேத்து எடுத்து ஒட்டினாப்ல இருக்கேன்னு தோணுச்சு, உண்மையும் கிட்டத்தட்ட அதான். 1517ல எட்டு பிரான்சிஸ்கன் துறவிங்க (அசிசி பிரான்சிஸ் ஆரம்பிச்ச சபைக்காரங்க) கோவா வந்தாங்க, 1521ல பரிசுத்த ஆவி பேர்ல ஒரு சின்ன கோயில் கட்டினாங்க. அப்புறம் அத இடிச்சிட்டு 1661ல இப்ப இருக்குறத எழுப்பினப்போ வாசல மட்டும் விட்டுட்டாங்க. போர்ச்சுகல் ராஜா மனுவேல் காலத்து பாணி, அந்த உருண்டைங்க அவரோட சின்னம். வெளிய ஒரு கைடு மொத்த சர்ச்சும் 1521ன்னு அடிச்சு விட்டுட்டு இருந்தாரு, நம்பாதீங்க.

உள்ள போனா கீழ பாத்துதான் நடக்கணும், ஏன்னா தரை பூரா கல்லறைக் கல்லு, போர்ச்சுகீசு குடும்பங்களோட முத்திரை செதுக்கினது. மிதிச்சுட்டு போக எனக்கு மனசே வரல, ஓரமாவே நடந்தேன், ஓரத்துலயும் கல்லறைதான். ரெண்டு பக்கமும் மூணு மூணு சின்ன பீடம், நடுவுல இருக்குற சுவருல பூ பூவா வரைஞ்ச ஓவியம், சில இடத்துல மங்கிப்போச்சு. பெரிய பீடம் தங்க முலாம், சிலுவைல இருக்குற இயேசுவும் பிரான்சிசும் பெரிய சிலையா நிக்குறாங்க, காலுக்குக் கீழ ஏழ்மை, தாழ்ச்சி, கீழ்ப்படிதல்னு பிரான்சிஸ் எடுத்த மூணு சபதம் எழுதியிருக்கு. ஏழ்மைன்னு எழுதிட்டு சுத்தி அவ்ளோ தங்கம், சிரிப்பு வந்துச்சு. பக்கத்துல பிரான்சிஸ் வாழ்க்கைய மரப்பலகைல வரைஞ்சு வச்சிருக்காங்க, ஆனா வெளிச்சம் கம்மி, கண்ணு பழக ரெண்டு நிமிஷம் ஆகும். அரை மார்க் போனது இதுக்குத்தான்.

இப்ப இங்க பூசை கிடையாது. 1835ல கோவால துறவி மடங்கள மூடிட்டாங்க, ஒட்டியிருக்குற கான்வென்ட்ல 1964லேர்ந்து தொல்லியல் துறை மியூசியம் நடக்குது. நுழைஞ்ச உடனே கோவாவ போர்ச்சுகலுக்காக பிடிச்ச அல்புகெர்க்கியோட வெண்கலச் சிலை, மாடில போர்ச்சுகீசு வைஸ்ராய்ங்க படம் வரிசையா. பத்துப் படத்துக்கு மேல எல்லா மூஞ்சியும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது, அத வேகமா முடிச்சிட்டு துறவிங்க நடந்த தாழ்வாரத்துல உக்காருங்க. வெள்ளிக்கிழம மியூசியம் லீவு, பாத்து பிளான் பண்ணுங்க.

ஒண்ணு விட்டுட்டேன். முகப்புல ஒரு சின்ன மாடத்துல புதுமை மாதா (அற்புதங்களோட மாதா) சிலை இருக்கு, அது யாழ்ப்பாணத்துல இருந்து வந்தது! யாழ்ப்பாணம் போர்ச்சுகீசுக்காரங்ககிட்டேர்ந்து டச்சுக்காரங்க கைக்குப் போனது 1658, இந்தக் கட்டடம் 1661. இது தெரிஞ்ச அப்புறம் மறுபடி வெளிய வந்து கழுத்து வலிக்க நிமிந்து பாத்துட்டு நின்னேன், டாக்ஸிக்காரரு மூணாவது தடவ போன் பண்ற வரைக்கும்.