டிஎம்சி2209, டிபி6600, டிஎம்542: வீட்டு சிஎன்சிக்கு எந்த டிரைவர்?

என் சிஎன்சி மெஷின் (கணினி சொல்படி மரம் குடையும் கருவி) இருப்பது சிங்கப்பூர் ஈசூனில், வீவக அடுக்குமாடி வீட்டின் பாம் ஷெல்டரில், அதாவது குண்டுவீச்சுப் புகலிட அறையில். கனத்த இரும்புக் கதவு, குறைந்த காற்றோட்டம், பழைய சூட்கேஸ்களுக்கு நடுவே ஒரு மேசை. அந்த மேசையில் இதுவரை நாலு வகை ஸ்டெப்பர் டிரைவர்கள் (அச்சை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாருக்கு மின்னோட்டம் கொடுக்கும் போர்டுகள்) ஏறி இறங்கிவிட்டன. எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, மோட்டார் என்ன சைஸ் என்பதுதான். முகப்பு 42 மி.மீ. என்றால் நேமா 17, 57 மி.மீ. என்றால் நேமா 23. பாதி முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது.

சின்ன 3018 வகை மெஷினோடு வருவது பெரும்பாலும் ஏ4988 போர்டுதான். 35 வோல்ட் வரை தாங்கும். ஹீட்சிங்கும் காற்றும் இருந்தால் 2 ஆம்பியர் வரை தரும். மைக்ரோஸ்டெப், அதாவது மோட்டாரின் ஒரு ஸ்டெப்பைத் துண்டாக்கும் அளவு, பதினாறில் ஒன்று. இதன் அண்ணன் டிஆர்வி8825க்கு 45 வோல்ட், முப்பத்திரண்டில் ஒன்று. இரண்டும் மலிவு, இரண்டும் சத்தம். பழக நல்லவை, புதிதாக வாங்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: இரண்டு போர்டிலும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரிம்மர் திருகு எதிரெதிர் முனையில் இருக்கும். பழைய போர்டு இருந்த திசையைப் பார்த்துப் புதியதைச் செருகினால் தலைகீழாகப் போய்விடும், கரண்ட் கொடுத்ததும் புகைதான். எனேபிள் பின் எங்கே என்று படித்துப் பார்த்துச் செருகுங்கள்.

டிஎம்சி2209ஐ எல்லாரும் வாங்குவது அமைதிக்காக. அது உண்மைதான். ஸ்டெல்த்சாப் என்ற அமைதி முறையில் மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இது பெரிய வரம் என்று நானும் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், பலகையில் பிட் இறங்கியதும் அதைச் சுழற்றும் ஸ்பிண்டில் போடும் கூச்சலில் மோட்டார் பாடினால் என்ன, பாடாவிட்டால் என்ன? கீழ்வீட்டுப் பாட்டி புகார் சொன்னது ஸ்பிண்டிலைத்தான். லேசர், பேனா பிளாட்டர், இரவில் வெறும் ஒத்திகை ஓட்டம் என்றால் அந்த அமைதிக்குக் கொடுக்கும் காசு தகும். மரம் குடைவதற்கு ஸ்டெல்த்சாப்பை அணைத்துவிட்டு ஸ்பிரெட்சைக்கிள் என்ற மற்ற முறைக்கு மாற்றுவதே நல்லது. வேகம் ஏறும்போது முறுக்குவிசை அவ்வளவாகச் சரியாது. சென்சார் இல்லாமலே ஹோமிங் (அச்சைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோவது) செய்யலாம் என்கிற ஆசையையும் விட்டுவிடுங்கள். மரத்தூள் படிந்த ஸ்குரூவில் அதை நான் நம்பமாட்டேன். லிமிட் சுவிட்ச் சில வெள்ளிதான்.

இந்தச் சின்ன போர்டுகளில் உயிர்நாடி மின்னோட்ட அளவு. டிரிம்மருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரில் படிக்கும் வோல்ட்டைத்தான் விரெஃப் என்கிறோம். ஏ4988இல் வேண்டிய ஆம்பியரை எட்டால் பெருக்கி, போர்டில் மின்னோட்டத்தை அளக்கும் சென்ஸ் ரெசிஸ்டரின் ஓம் அளவாலும் பெருக்க வேண்டும். 0.1 ஓம் என்றால் 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட். அதே 0.8ஐ 0.05 ஓம் போர்டில் வைத்தால் 2 ஆம்பியர், வெந்துபோகும். அதனால் லென்ஸ் வைத்தாவது ரெசிஸ்டரின் முதுகில் உள்ள எண்ணைப் படியுங்கள். வழக்கமான 0.11 ஓம் டிஎம்சி2209இல் விரெஃப்பை 0.71ஆல் பெருக்கினால் ஆர்எம்எஸ் மின்னோட்டம் (உச்சமல்ல, ஒருவகைச் சராசரி) கிடைக்கும், 1.2 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 0.85 ஆம்பியர்.

நான் செய்வது இது: மீட்டரின் சிவப்புக் கம்பியை முதலைக்கிளிப்பால் ஸ்குரூடிரைவரின் தண்டிலேயே மாட்டிவிடுவேன். திருகும்போதே எண் தெரியும். அதற்கு முன்பு ஒரு கையில் திருப்புளி, மறு கையில் மீட்டர் முனை என்று வித்தை காட்டி, முனை வழுக்கிப் பக்கத்துப் பின்னைத் தொட்டு, ‘டப்’ என்று ஒரு போர்டு போயே போனது. இப்போது பீங்கான் முனைத் திருப்புளியும் ஒன்று இருக்கிறது, வழுக்கிப் பட்டாலும் ஷார்ட் ஆகாது.

டிஎம்சி2209க்கு இன்னொரு பலவீனம் 29 வோல்ட் எல்லை. 24 வோல்ட் பவர் சப்ளையோடு நின்றுகொள்ள வேண்டும். கதவு மூடிய என் பாம் ஷெல்டரில் மின்விசிறி இல்லாமல் ஓட்டிய முதல் நாள், முக்கால் மணி நேரத்தில் சூடேறி, தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. பாதி செதுக்கிய பெயர்ப்பலகை வீண். 40 மி.மீ. விசிறி ஒன்று மேலே ஊதியதும் அந்தப் பிரச்சினை திரும்ப வரவில்லை.

நேமா 23க்கு வரும்போது போட்டி டிபி6600க்கும் டிஎம்542க்கும்தான். டிபி6600 பெட்டி விலை கண்ணை இழுக்கும். நானும் மூன்று வாங்கினேன். பெட்டியின் மேல் 4 ஆம்பியர் என்று போட்டிருக்கும், அது உச்ச அளவு, தொடர்ந்து தரும் அளவல்ல. இன்னொரு வேடிக்கை: தோஷிபாவின் டிபி6600 சிப் பதினாறில் ஒன்றோடு நின்றுவிடும். பெட்டி மேல் முப்பத்திரண்டு என்று அச்சடித்திருந்தால் உள்ளே இருப்பது வேறு சிப், பெரும்பாலும் டிபி67எஸ்109ஏ. மோசமான சிப் என்று சொல்லவில்லை. வாங்குவது என்ன என்று பெட்டி சொல்லாது, அவ்வளவுதான். அழைக்காத விருந்தாளியை நம்பிக் குழம்பு வைக்க முடியாது.

டிஎம்542 லீட்ஷைன் நிறுவனத்தின் பெயரால் பிரபலம். அதே பெயரில் நகல்களும் ஏராளம். 20 முதல் 50 வோல்ட், உச்சம் 4.2 ஆம்பியர். டிஜிட்டல் கட்டுப்பாடு என்பதால் நடுவேகத்தில் மோட்டார் உறுமி நடுங்கும் அந்த இடத்தைச் சத்தமில்லாமல் கடந்துவிடும். திருப்புளியோடு வித்தை காட்டவும் வேண்டாம், டிப் சுவிட்ச் என்ற குட்டிச் சுவிட்ச் வரிசை போதும். முதல் மூன்று சுவிட்ச் மின்னோட்டத்துக்கு, நாலாவது நிற்கும்போது பாதி மின்னோட்டமா முழுசா என்பதற்கு, மிச்சம் நாலும் மைக்ரோஸ்டெப்புக்கு.

இங்கே தான் பலர் தடுமாறுவது. டிஎம்542இன் மின்னோட்ட அட்டவணையில் உச்ச அளவு, ஆர்எம்எஸ் அளவு என்று இரண்டு வரிசை. மோட்டாரில் 2.8 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், உச்ச வரிசையில் 2.84ஐத் தேர்ந்தெடுத்து, மோட்டாருக்கு வலுவில்லை என்று அலுத்துக்கொள்வார்கள். அதில் ஆர்எம்எஸ் 2.03தான். 3.76 உச்சத்தில் ஆர்எம்எஸ் 2.69, அதுதான் பொருத்தம். நான் ஒரு படி கீழே 3.31இல் தொடங்குவேன். அரை மணி ஓட்டி மோட்டாரைத் தொட்டு, கை பொறுக்கிறது என்றால் மேலே ஏற்றுவேன்.

வோல்ட்டுக்குப் பழைய ஆட்களின் கணக்கு ஒன்று: மோட்டாரின் மில்லிஹென்றி இண்டக்டன்ஸின் வர்க்கமூலத்தை 32ஆல் பெருக்கினால் அதற்கு மேல் போகக்கூடாத எல்லை. 2.5 மில்லிஹென்றிக்கு ஏறக்குறைய 50 வோல்ட். அதற்காக 48 வோல்ட் சப்ளை வாங்காதீர்கள். மோட்டார் பிரேக் போடும்போது மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும், 50 எல்லையைத் தாண்டும். 36 வோல்ட் போதும். சப்ளை பெட்டியின் பக்கவாட்டில் 115, 230 என்று ஒரு சிவப்புச் சுவிட்ச் இருந்தால் இங்கே 230இல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பிளக்கைச் செருகுங்கள். எர்த் கம்பியும் கட்டாயம்.

மைக்ரோஸ்டெப் விஷயத்தில் பேராசை வேண்டாம். அச்சை நகர்த்தும் 1605 பால்ஸ்குரூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும். சுற்றுக்கு 1600 பல்ஸ் என்று வைத்தால் மி.மீ.க்கு 320 ஸ்டெப், நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகத்தில் நொடிக்கு 16,000 பல்ஸ். அர்டுயினோ ஊனோ போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற சிஎன்சி மென்பொருள் 30,000 வரை தாக்குப்பிடிக்கும். 3200 பல்ஸுக்கு மாறினால் 32,000, ஊனோ திணறும். ஊனோவுக்குப் பதில் ஈஎஸ்பி32 போர்டு வைத்திருப்பவர்கள் அதன் 3.3 வோல்ட்டை டிஎம்542க்கு நேராகக் கொடுக்காமல் நடுவே 74எச்சிடி245 பஃபர் (சிக்னலை 5 வோல்ட்டுக்கு ஏற்றும் சிப்) வையுங்கள். சிம் லிம் டவரில் கேட்டால் கிடைக்கும். சிம் லிம் ஸ்கொயரில் அல்ல, சாலைக்கு அந்தப் பக்கம். அப்புறம், கரண்ட் இருக்கும்போது எந்த டிரைவரிலிருந்தும் மோட்டார் வயரைப் பிடுங்காதீர்கள்.

கடைசியாக நான் பார்த்த சோதனை. டயல் கேஜை (நுண்ணிய நகர்வை ஊசியால் காட்டும் அளவி) எக்ஸ் அச்சின் ஓரத்தில் பொருத்தி, 200 மி.மீ. தூரம் 50 தடவை போய்வர விட்டேன். டிபி6600, 24 வோல்ட்: நிமிடத்துக்கு 2000ஐத் தாண்டியதும் ஊசி தொடங்கிய இடத்துக்குத் திரும்பவில்லை. டிஎம்542, 36 வோல்ட்: 3000இலும் ஊசி அதே கோட்டில். இதில் ஒரு பங்கு வோல்ட்டின் புண்ணியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மூன்று டிபி6600இல் இரண்டை ஒரு தம்பிக்குக் கொடுத்தாயிற்று. மூன்றாவது சூட்கேஸ் மேல் இருக்கிறது, வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.